எண்ணி ஏற்று, எண்ணி இறக்கு!
கணிப்பொறிச் சரக்குக்கும் அதே விதிதான்



லாரி வந்து குடோன் வாசலில் நின்றதும் நாம் என்ன செய்கிறோம்? முதலில் பில்லை வாங்கிப் பார்க்கிறோம். மூட்டைகளை எண்ணி இறக்குகிறோம். அடுக்கி முடித்தபின் இன்னொரு முறை எண்ணுகிறோம். சந்தேகம் வந்தால் இரண்டு மூட்டையைத் தராசில் தூக்கி வைக்கிறோம். கணக்கு சரியாக இருந்தால்தான் சீட்டில் கையெழுத்து. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வளர்த்தவர்களின் பிள்ளைகள் அல்லவா நாம்!

ஆனால் இன்று நம் கடைகளில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சரக்கும் தினமும் ஏறி இறங்குகிறது. கணக்குக் கோப்பு குடோனிலிருந்து கடைக்கு வருகிறது. கடையிலிருந்து ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகிறது. கேமரா பதிவு, ஸ்கேன் செய்த பில்கள், கம்பெனி அனுப்பும் விலைப் பட்டியல் எல்லாம் கடையில் இருக்கும் சர்வர் கணிப்பொறியில் போய்ச் சேருகின்றன. இந்தச் சரக்கை நாம் எண்ணுகிறோமா? நாங்கள் எண்ணவில்லை. அதனால் என்ன நேர்ந்தது என்பதை வெட்கத்தை விட்டு இங்கே சொல்கிறோம். நம் உறுப்பினர்களில் இன்னொருவருக்கு அது நேரக்கூடாது என்பதே நோக்கம்.

எங்கள் குடோனில் நடந்தது

ஒரு தீபாவளி நேரம். இருப்பு எடுத்தபோது துவரம் பருப்பில் 12 மூட்டை குறைந்தது. ஒன்பது நாட்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை பிற்பகல் நான்கைந்து லோடு வெளியே போயிருந்தது. அன்று ஏற்றியவர் இருபது ஆண்டுகளாக எங்களிடம் மூட்டை சுமக்கும் பெரியவர். நாங்கள் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்ட விதத்தில் அது இருந்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அண்ணாச்சி, கேமராவைப் போட்டுப் பாருங்க. எத்தனை மூட்டை எந்த வண்டியில ஏறுச்சுன்னு அதுல இருக்கும்ல?"

நியாயமான பேச்சு. குடோனில் நான்கு கேமரா உண்டு. வாசல் கேமரா, ஏற்றும் மேடைக் கேமரா இரண்டிலும் அன்று பகல் 12 மணி முதல் மாலை 6 மணி வரை உள்ள பதிவை எடுக்கச் சொன்னோம். பில் போடும் தம்பி குடோன் கணிப்பொறியில் பதிவை இறக்கினான். ஒவ்வொன்றும் 5.4 ஜிபி. பென்டிரைவில் போட முயன்றான். கோப்பு மிகப் பெரியது என்று சொல்லிவிட்டது. 32 ஜிபி பென்டிரைவ், முழுக்கக் காலி, ஆனாலும் ஏறவில்லை. சரி என்று, சர்வீஸ் செய்பவர் எப்போதோ அமைத்துக் கொடுத்திருந்த எஃப்.டி.பி. முறையில், பிராட்பேண்ட் வழியாகக் கடை சர்வருக்கு இரவு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனான்.

காலையில் பார்த்தால் சர்வரில் இரண்டு கோப்பும் பெயரோடு இருந்தன. வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தான். குடோன் கணிப்பொறியில் இடம் போதவில்லை என்று அங்கிருந்ததை அழித்துவிட்டான். தீபாவளி வியாபாரத் தலைவலியில் நான்கு நாள் கழித்துத்தான் நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம். வாசல் கேமரா முழுதாக ஓடியது. மேடைக் கேமரா பகல் 3 மணியோடு நின்றது. மூட்டை ஏறியது 4 மணிக்கு. இரவில் இணைப்பு அறுந்திருக்கிறது. பாதிக் கோப்பு முழுப் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. மறுபடி எடுக்கலாம் என்று குடோனுக்கு ஓடினோம். கேமராப் பெட்டி பழைய நாளின் மேல் புதிய நாளை எழுதி முடித்திருந்தது.

பெரியவருக்குப் பதில் சொல்ல எங்களிடம் படம் இல்லை. மறுநாள் முதல் அவர் வேலைக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்து, வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் பாக்கி கொடுக்க வந்தார். "உங்க சீட்டுல 40 மூட்டைதான் இருக்கு, எங்க கடையில 52 இறங்கியிருக்கு. நான் கல்யாணத்துக்குப் போயிருந்தேன், பையன் எண்ணாம அடுக்கிட்டான். நேத்துதான் பார்த்தேன்" என்றார். நேர்மையான மனிதர். அன்று மாலையே பெரியவர் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். மூன்று வாரக் கூலியைக் கொடுத்தோம். வாங்க மறுத்து, பிறகு வீட்டுக்காரம்மா சொல்லி வாங்கிக்கொண்டார். இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறார். ஆனால் அந்த மூன்று வாரம் அவர் தெருவில் தலை குனிந்து நடந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

இனி, எங்கே எங்கே தவறினோம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எவ்வளவு சரக்கு, எவ்வளவு நேரம்?

முதல் தவறு, கணக்குப் போடாமல் அனுப்பியது. இணைப்புக் கம்பெனிகள் வேகத்தை எம்.பி.பி.எஸ். என்று சொல்கின்றன. டாக்டர் பட்டம் மாதிரி ஒலித்தாலும் அது ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற அளவு. கோப்பின் அளவோ பைட்டில் இருக்கிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 100 எம்.பி.பி.எஸ். என்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான். ஒருவர் லிட்டரிலும் மற்றவர் படியிலும் பேசுவது போன்ற குழப்பம் இது. எட்டால் வகுத்துக் கொண்டால் தெளிந்துவிடும்.

இன்னொன்று: விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறங்கும் வேகம். பல திட்டங்களில் ஏறும் வேகம் அதைவிடக் குறைவு. குடோனிலிருந்து கடைக்கு அனுப்பும்போது குடோனின் ஏறும் வேகம்தான் கணக்கு. எங்கள் குடோனில் அது 10 எம்.பி.பி.எஸ். அதாவது விநாடிக்கு 1.25 மெகாபைட். 5.4 ஜிபி போக 72 நிமிடம். இரண்டுக்கும் சேர்த்து 2 மணி 24 நிமிடம். அதுவும் வழியில் தடையே இல்லாவிட்டால். இது முன்பே தெரிந்திருந்தால், தம்பி இரவில் போட்டுவிட்டுப் போகாமல் பகலிலேயே பக்கத்தில் இருந்து முடித்திருப்பான்.

ஒரே கட்டடத்துக்குள் கேபிள் வழியாக என்றால் கணக்கே வேறு. பழைய 100 எம்.பி.பி.எஸ். சுவிட்சில் அதே 10.8 ஜிபி சுமார் 15 நிமிடத்தில் போய்விடும். கிகாபிட் சுவிட்சும், கேட்-5இ கேபிளும் இருந்தால் இரண்டு மூன்று நிமிட வேலை. இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை அந்த வேகத்தைத் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பியும் சரியாக இணைந்திருக்க வேண்டும். இரண்டு ஜோடி மட்டும் வேலை செய்தால் இணைப்பு இருக்கும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். எலி கடித்த கேபிளை டேப் சுற்றி ஓட்டும் கடைகளில் இதுதான் நடக்கிறது. பெரிய கோப்புக்கு வைஃபையை நம்ப வேண்டாம். மூட்டை அடுக்குக்கும் இரும்பு ஷட்டருக்கும் பின்னால் அது தேய்ந்துவிடும்.

புறாவிடம் தோற்ற இணைப்பு

இந்தக் கணக்கை உலகத்துக்கே வேடிக்கையாகக் காட்டிய சம்பவம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் நம் தமிழர்கள் பலர் வாழும் டர்பன் நகரில் 2009 செப்டம்பரில் நடந்தது. ஒரு கம்பெனியின் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே கோப்பு அனுப்புவது மிகவும் தாமதமானது. இதைவிடப் புறா வேகமாகப் போகும் என்று ஊழியர் ஒருவர் அலுத்துக்கொள்ள, போட்டியே வைத்துவிட்டார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகிலிருந்து வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜிபி நினைவு அட்டையைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். அது 1 மணி 8 நிமிடத்தில் டர்பன் வந்தது. அட்டையிலிருந்து கணிப்பொறிக்கு இறக்கும் நேரத்தையும் சேர்த்து 2 மணி 7 நிமிடம். அதே நேரத்தில் கம்பி வழியாகப் போயிருந்தது 4 சதவீதம் மட்டுமே!

நாம் புறா வளர்க்க வேண்டியதில்லை. ஸ்கூட்டர் இருக்கிறதே! 200 ஜிபி பழைய பதிவுகளை 10 எம்.பி.பி.எஸ். வேகத்தில் அனுப்பினால் 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக் கையில் கொண்டுபோனால் ஒரு பிற்பகலில் முடியும். டிஸ்க் வழியில் தொலைந்தாலும் பிறர் படிக்க முடியாதபடி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை மொத்தச் சுமையைக் கையில் கொண்டுபோவது, அதன்பின் அன்றாடம் மாறியதை மட்டும் இணைப்பில் அனுப்புவது என்பதே சிக்கனமான வழி. மாறிய பகுதியை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும் ஆர்சிங்க் என்ற மென்பொருளை ஆஸ்திரேலியாவில் இருவர் 1996இல் எழுதினார்கள். இலவசமாகவே கிடைக்கிறது. பல சேமிப்புப் பெட்டிகளில் அது உள்ளேயே இருக்கிறது.

பென்டிரைவில் ஏன் ஏறவில்லை?

கடைகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. கடையில் வாங்கும் 32 ஜிபி வரையுள்ள பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்-32 என்ற முறையில் தயார் செய்யப்பட்டவை. அந்த முறையில் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தொட முடியாது. எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. அரிசி மூட்டை வாசலில் நுழையாதபோது உள்ளே கிட்டங்கி காலியாக இருந்து என்ன பயன்? பென்டிரைவை எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றினால் இந்தத் தடை நீங்கும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், முன்பே வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜிப் செய்து சுருக்கலாமே என்பார்கள். கணக்குக் கோப்பு நன்றாகச் சுருங்கும். கேமராப் படமும் போட்டோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, மேலும் சுருங்கா. ஆனால் பெரிய கோப்பை 1 ஜிபி துண்டுகளாகப் பிரித்து அனுப்பவும் இந்த மென்பொருள்கள் உதவும். ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் மறுபடி அனுப்பலாம்.

ஜிமெயிலில் இணைப்பு 25 எம்.பி. வரைதான் போகும். வாட்ஸ்அப்பில் 2 ஜிபி வரை அனுப்பலாம்; ஆனால் வீடியோ என்று அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். ஆதாரமாக வைக்க வேண்டிய பதிவை டாக்குமென்ட் என்ற பகுதியில் போட்டு அனுப்ப வேண்டும்.

பாதியில் நின்றால்?

எங்கள் பெரிய தவறு இங்கேதான். பழைய எஃப்.டி.பி. முறையில் இணைப்பு அறுந்தால், அதுவரை வந்த பாதி, முழுக் கோப்பின் பெயரிலேயே சர்வரில் தங்கிவிடுவது உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. இதற்கு எளிய வழி ஒன்று: அனுப்பும்போது கோப்பின் பெயருக்கு முன் "பாதி" என்று சேர்த்துவிடுங்கள். வந்து சேர்ந்து, சரிபார்த்தபின் மட்டும் அந்தச் சொல்லை நீக்குங்கள். கடையில் யார் பார்த்தாலும் நிலைமை புரியும்.

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியுள்ள மென்பொருளைப் பயன்படுத்துவது இரண்டாவது வழி. விண்டோஸ் கணிப்பொறிகளிலேயே ரோபோகாபி என்ற கட்டளை இருக்கிறது. கட்டட வலைக்குள் பெரிய கோப்புகளை நகலெடுக்க, மவுஸால் இழுத்துப் போடுவதைவிட அது நம்பகமானது. உங்கள் சர்வீஸ் நண்பரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு தட்டில் ஓடும்படி அமைத்துத் தருவார்.

மின்வெட்டை மறந்துவிடக்கூடாது. சர்வருக்கு யு.பி.எஸ். வைத்திருக்கிறோம்; நடுவில் இருக்கும் சுவிட்சுக்கும் ரௌட்டருக்கும் வைக்கவில்லை. வழியில் பாலம் இடிந்தால் லாரி நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. இரவில் கணிப்பொறி தானாகத் தூங்கிப் போகும் அமைப்பையும் நிறுத்தி வைக்க வேண்டும்.

வந்த சரக்கை எண்ணுவது எப்படி?

முதல் எண்ணிக்கை, அளவு. இரண்டு பக்கமும் கோப்பின் மேல் வைத்துப் பிராப்பர்டீஸ் பார்த்தால், அளவு பைட் வரை துல்லியமாகக் காட்டும். 5.4 ஜிபி என்ற சுருக்கத்தைப் பார்க்காமல் முழு எண்ணையும் ஒப்பிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால் எங்கள் பெரியவர் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இரண்டாவது எண்ணிக்கை, கைரேகை. அளவு சரியாக இருந்தும் உள்ளே ஏதாவது கெட்டிருக்கலாம். மூட்டை எண்ணிக்கை சரி, ஒரு மூட்டையில் உமி என்பது போல. கோப்பு முழுவதையும் படித்து, அதற்கென ஓர் அடையாளக் குறி தரும் முறைகள் உள்ளன. ஷா-256 என்பது அவற்றில் ஒன்று. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் 64 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு வரி கிடைக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அனுப்பும் இடத்தில் ஒன்று, இறங்கிய இடத்தில் ஒன்று எடுத்து ஒப்பிட்டால் போதும். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளை இதைச் செய்யும். தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

கணக்குக் கோப்புக்கு மட்டும் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. டேலி போன்ற மென்பொருளில் யாராவது பில் போட்டுக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புறையை அப்படியே நகலெடுக்கக்கூடாது. ஓடும் லாரியில் மூட்டை எண்ணுவது போன்றது அது. எல்லாக் கணிப்பொறியிலும் கம்பெனியை மூடிவிட்டு, மென்பொருளிலேயே உள்ள பேக்கப் வசதியைப் பயன்படுத்த வேண்டும். மாதம் ஒருமுறையாவது அந்த பேக்கப்பை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத பேக்கப், பிரித்துப் பார்க்காத மூட்டைதான்.

பூட்டிய வண்டியில் அனுப்புங்கள்

எஃப்.டி.பி. முறையின் முதல் வரைவை 1971இல் எழுதியவர் ஓர் இந்தியர் என்பது நமக்குப் பெருமை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த அபய் பூஷண் அவர். ஆனால் அந்தக் காலத்தில் வலையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகவே அதில் பாஸ்வேர்டும் கோப்பும் திறந்த அஞ்சலட்டை போலவே போகும். வழியில் இருப்பவர் படித்துவிடலாம். பின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் வலையில் இப்படிப் பாஸ்வேர்டுகள் திருடு போனபின், தாத்து யுலோனன் என்பவர் 1995இல் எஸ்.எஸ்.எச். என்ற பூட்டிய முறையை உருவாக்கினார். அதன் மேல் ஓடுவதுதான் எஸ்.எஃப்.டி.பி. முன்னால் ஓர் எழுத்துதான் அதிகம்; பாதுகாப்பில் அஞ்சலட்டைக்கும் அரக்கு முத்திரையிட்ட உறைக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் கடையில் எது ஓடுகிறது என்று இன்றே கேளுங்கள்.

கடைக்குள் எல்லாரும் பார்க்கும் ஷேர் கோப்புறையை வெளி இணையத்துக்கு நேராகத் திறந்துவிடவும் கூடாது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற கிருமி பரவியது விண்டோஸின் இந்தக் கோப்புப் பகிர்வுக் கதவு வழியாகத்தான். 150 நாடுகளுக்கு மேல் கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது; போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். வெளியூரிலிருந்து சர்வரைத் தொட வேண்டுமானால் வி.பி.என். வழியாக மட்டும் அனுமதியுங்கள்.

சட்டமும் கேட்கிறது

இது வெறும் வசதிக்கான விஷயம் என்று எண்ண வேண்டாம். மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 36ஆம் பிரிவின்படி, கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். 2023-24 ஆண்டுக்கு அந்தக் கெடு 2024 டிசம்பர் 31. ஆகவே அந்தக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ இருந்தால் அது முடிந்து ஓராண்டு வரைகூட நீளலாம். கணிப்பொறியில் கணக்கு வைப்பவர்களுக்கு 57ஆம் விதி இன்னும் சொல்கிறது: விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பார்த்த வணிகர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. சர்வரும் அதன் பேக்கப்பும் ஒரே மேசையின் கீழ் இருந்தால், தண்ணீர் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

சுருக்கமாக

1. அனுப்புமுன் அளவைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுங்கள். எம்.பி.பி.எஸ்.ஐ எட்டால் வகுக்க மறவாதீர்கள்.

2. கட்டடத்துக்குள் கேபிள், வெளியே எஸ்.எஃப்.டி.பி. அல்லது வி.பி.என்.; மிகப் பெரிய சுமைக்குப் பூட்டிய ஹார்ட் டிஸ்க்.

3. இறங்கிய இடத்தில் அளவும் கைரேகையும் ஒத்துப்போகும் வரை, ஏற்றிய இடத்தில் எதையும் அழிக்காதீர்கள்.

4. கேமராப் பெட்டி எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2 எம்.பி.பி.எஸ். கேமரா ஒன்று நாளைக்கு 21.6 ஜிபி எழுதும். நான்கு கேமராவுக்கு 1,000 ஜிபி டிஸ்க் பதினொரு நாள்தான்.

5. முக்கியமான கணக்கு மூன்று இடத்தில் இருக்கட்டும். இரண்டு வகைச் சாதனத்தில். அதில் ஒன்று வேறு கட்டடத்தில். பேக்கப் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

6. யார் அனுப்பினார், யார் சரிபார்த்தார் என்று ஒரு சாதாரண நோட்டில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

கடைசியாகச் சொன்னதை எங்கள் குடோனில் இப்போது விடாமல் செய்கிறோம். சரக்கு வரவு நோட்டுக்குப் பக்கத்திலேயே கோப்பு வரவு நோட்டும் தொங்குகிறது. பில் போடும் தம்பி எழுதுகிறான். பக்கத்தில் மூட்டை அடுக்கும் பெரியவர் சில நாள் நின்று பார்த்து, "எண்ணிட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.